மூங்கிலடி முதல் பூமலை வரை: சிங்கப்பூரின் நிலமும் நிலவமைப்புக் கல்வியும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை முற்காலத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று வழங்கினர். அச்சாலையின் தென்முனையிலுள்ள சந்தையும் அதனைச் சூழ்ந்த பகுதியும் இன்றும் தேக்கா எனப்படுகின்றன. மலாய் மக்கள் அதே பகுதியைக் கண்டாங் கெர்பாவ் என்று அழைத்தனர். மும்மொழியில் வழங்கிய இம்மூன்று பெயர்களுள் ஒன்றேனும் ஓர் ஆளுநரையோ தளபதியையோ சுட்டவில்லை என்பது நோக்கத்தக்கது. கம்பம் என்பது சிற்றூரைக் குறிக்கும் கம்போங் என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கு இருந்தமையால் சுண்ணாம்புக் கம்பம் ஆயிற்று. தேக்கா என்றவுடன் தமிழ்ச் செவிக்குத் தேக்கு மரம் நினைவுக்கு வரலாம். ஆயினும் அச்சொல் ஹொக்கியன் சீனர் மொழியில் சிறுமூங்கிலின் அடி என்று பொருள்படுவது. ரோச்சோர் ஆற்றின் கரையில் மூங்கில் செழித்து வளர்ந்திருந்தது. கண்டாங் கெர்பாவ் என்பதோ எருமைப் பட்டி. மண்ணும் நீரும் மரமும் விலங்கும் தொழிலும் இம்மூன்று பெயர்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இன்று அங்கே மூங்கிலும் இல்லை, எருமையும் இல்லை, காளவாயும் இல்லை. லிட்டில் இந்தியா என்ற பெயரால் 1989-ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில், கடைவீடுகளும் கோயில்களும் பூக்கடைகளும் நிறைந்துள்ளன. சதுப்பு வடிக்கப்பட்டது, ஆறு கால்வாயாக்கப்பட்டது, புல்வெளி திடலாயிற்று. இம்மாற்றங்களைச் செய்தவர் யாவர், எவ்வறிவு கொண்டு செய்தனர், அதனால் பெற்றதும் இழந்ததும் யாவை என்று ஆராய்வது ஒரு தனிக் கல்வித் துறையின் பணி. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் எனப்படும் அத்துறையைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2007-ஆம் ஆண்டு முதல் முதுநிலையில் கற்பித்து வருகிறது.

இத்துறைக்குத் தமிழில் ஒரு சொல் இன்னும் நிலைபெறவில்லை. நிலத்தோற்றக் கட்டடக்கலை என்பர் சிலர். அது நீளமானது, அன்றியும் கட்டடம் என்ற சொல் இடையே புகுந்து பொருளை மறைக்கிறது. நிலவமைப்புக் கலை என்னும் தொடர் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. அழகிய தோட்டம் அமைப்பதே இக்கலை என்று கருதுவது பிழை. ஓரிடத்தின் மண், மேடுபள்ளம், நீரோட்டம், தாவரம், உயிரினம், அங்கு வாழும் மக்களின் நடமாட்டம் ஆகிய அனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்கி, அந்நிலம் இனி எவ்வாறு பயன்பட வேண்டும் என்று வகுப்பதே அதன் பொருள். சிங்கப்பூரில் இக்கல்வி பட்டப் படிப்பாவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் தொழில் நடைபெற்றது. அத்தொழிலில் தமிழர் கை தொடக்கத்திலிருந்தே உண்டு.

1819-இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய தீவு, ஆற்று முகத்தில் சதுப்பும் உள்ளே அடர்காடுமாக இருந்தது. ராஃபிள்ஸின் 1822-ஆம் ஆண்டு நகரத் திட்டம் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்தது. கடைவீடுகளின் முன்னே தொடர்ச்சியான கூரையுள்ள நடைபாதை வேண்டும் என்றும் விதித்தது. அந்நடைபாதையை இந்நாட்டுத் தமிழர் அஞ்சடி என்றே இன்றளவும் வழங்குகின்றனர். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நாட்டில் நடப்பவனுக்கு நிழல் தருவதை விதியாக்கிய அத்திட்டம், நிலவமைப்பு நோக்கில் போற்றத்தக்கது. அதே 1822-இல் அரசாங்கக் குன்றின் சரிவில் ஒரு பயிராய்வுத் தோட்டமும் தொடங்கப்பட்டது. கிராம்பும் சாதிக்காயும் அங்குப் பயிரிடப்பட்டன. போதிய பொருளுதவி இன்றி 1829-இல் அது மூடப்பட்டது.

திட்டம் தாளில் இருந்தது. அதனை நிலத்தில் செய்தவர் வேறு. 1825 ஏப்ரல் 18 அன்று பென்கூலனிலிருந்து ஒரு கப்பல் வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த கைதிகள் எண்பதின்மர் அதில் வந்திறங்கினர். அடுத்த வாரம் வங்காளத்துக் கைதிகள் வந்தனர். அன்று தொடங்கிய இம்முறை 1873 வரை நீடித்தது. கைதிகள் காட்டை வெட்டினர், சதுப்பைத் தூர்த்தனர், வடிகால் தோண்டினர், சாலையும் பாலமும் சமைத்தனர். தீவின் உட்பகுதிக்குச் செல்லும் பெருஞ்சாலைகள் பலவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. கைதிகளுக்குத் தலைவராயிருந்த மேஜர் மெக்நேர், 1899-இல் வெளிவந்த தம் நூலில் அவர்தம் பணிகளை விரித்துரைத்துள்ளார். அவர் பெருமையோடு எழுதுகிறார் என்பது உண்மை. எனினும் தண்டனையாகப் பெற்ற உழைப்பைத் திறமையான நிர்வாகத்தின் சான்றாகக் காட்டும் நூல் அது என்பதையும் மாணவர் மறத்தலாகாது. காட்டை வெட்டிய கைகளுக்கு உரியவர் பெயர்கள் நகரத்து வீதிகளில் இல்லை.

சுண்ணாம்புக் கம்பத்தின் கதை இக்காலத்தோடு பிணைந்தது. கட்டடம் பெருகிய நகருக்குச் சுண்ணாம்பும் செங்கல்லும் இடைவிடாது வேண்டப்பட்டன. ராஃபிள்ஸுடன் 1819-இல் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகார் அருகே ஒரு செங்கற்சூளை அமைத்ததை வரலாறு குறித்துள்ளது. சிராங்கூன் சாலைப் பகுதியில் காளவாய்கள் எழுந்தன. 1858-ஆம் ஆண்டளவில் கைதிகளைக் கொண்டு நடத்திய அரசாங்கச் செங்கற்சூளையும் அச்சாலையில் இயங்கியது. களிமண்ணும் நீரும் விறகும் அருகிலேயே கிடைத்தமை சூளைத் தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. இவ்வாறு அகழ்ந்த மண்ணும் சுட்ட சுண்ணாம்பும் நகரின் மறுபுறம் சுவர்களாக எழுந்தன. இந்தியக் கைதிகளின் உழைப்பில் 1861-இல் முற்றுப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்ப்பூச்சு சென்னைச் சுண்ணம் எனப்பட்டது. சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது அதன் முறை. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைக் கண்டவர்க்கு இஃது அயலானதன்று. சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர் பெற்ற வீரமாகாளியம்மன் கோயில் இன்றும் அச்சாலையில் நின்று, மறைந்த காளவாய்களுக்குச் சான்று பகர்கிறது.

எருமைகளின் வரலாறு இதனினும் சுவையுடையது. எருமைக்கு மூன்று வேண்டும்: நீர், புல், சேறு. ரோச்சோர் ஆற்றை அடுத்த தாழ்நிலம் இம்மூன்றையும் குறைவின்றி அளித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்நடை வணிகம் அங்கு ஓங்கியது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் வணிகர் அதில் பெயர் பெற்றார். அவர் பெயரால் ஒரு சாலையும் உண்டு. பட்டி நடத்துவோர், மாட்டு வண்டி ஓட்டுவோர், பால் கறந்து வீடுதோறும் விற்போர், புல் அறுத்துக் கட்டாக்கி விற்போர் எனத் தமிழரும் வட இந்தியரும் அதனைச் சுற்றிக் குடியேறினர். அரசாங்கம் வரைந்த இன எல்லைக்குள் இந்தியர் வாழ வேண்டும் என்று ராஃபிள்ஸின் திட்டம் சுட்டிய இடம் வேறு. அது சிங்கப்பூர் ஆற்றங்கரை. தேக்காவில் இந்தியர் செறிந்தது எந்த ஆணையாலும் அன்று; நீரும் புல்லும் இருந்ததால் ஆகும். ஒரு குடியிருப்பை உண்டாக்குவதில் நிலத்துக்குள்ள பங்கினை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இந்நகரில் அரிது.

நகரம் வளர வளர அந்நிலமே இடையூறாகக் கருதப்பட்டது. கால்நடைகளின் கழிவு சுகாதாரக் கேடு எனப்பட்டது. சதுப்புகள் படிப்படியாக வடிக்கப்பட்டு வீட்டுமனைகளாயின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வணிகம் தேய்ந்தது. எஞ்சியவை எருமைச் சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்களும், தாழ்நிலம் தாழ்நிலமாகவே இருப்பதால் அவ்வப்போது தலைகாட்டிய வெள்ளமுமே. மழைநீருக்கு முன்பு சதுப்பு இருந்தது. பின்பு சிமிட்டிக் கால்வாய் ஒன்றே வழியாயிற்று. புக்கிட் தீமா, ரோச்சோர்க் கால்வாய்களின் அண்டைப் பகுதிகள் நெடுங்காலம் வெள்ளத்தோடு போராடின. புக்கிட் தீமாவின் மேற்பகுதி நீரைத் திசை திருப்ப 1972-இல் ஒரு திசைமாற்றுக் கால்வாய் கட்டி முடிக்க வேண்டியதாயிற்று.

இனி, நகரின் மறுகோடியில் உள்ள பூமலையை நோக்குதல் தகும். தங்ளின் பகுதியில் உள்ள தாவரவியல் தோட்டத்தைத் தமிழர் பூமலை என்று அழகுறப் பெயரிட்டு அழைக்கின்றனர். வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று 1859-இல் தொடங்கிய இத்தோட்டம் 1874-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. லாரன்ஸ் நிவன் அதன் பாதைகளையும் மேடுகளையும் ஆங்கில இயற்கைத் தோட்ட முறையில் அமைத்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவருள் கான்ட்லி, தீவின் காடுகள் மிளகுக்கும் காம்பியருக்கும் இரையாகி அழிந்த நிலையை 1883-இல் அறிக்கையாக எழுதினார். அதன் பயனாகவே காட்டுக் காப்பிடங்கள் வகுக்கப்பட்டன. நிலத்தை முதலில் ஆராய்ந்து பின்பு திட்டம் வகுக்கும் முறைக்கு இந்நாட்டில் அவ்வறிக்கையை ஒரு தொடக்கம் எனலாம்.

ஆயினும் பூமலை தமிழர் வரலாற்றில் இடம்பெறுவது அழகாலன்று. ஒரு மரத்தால் ஆகும். பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டம் வழியாக 1877-இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888 முதல் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தை மாய்க்காமல் பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் முறையை 1895 அளவில் கண்டறிந்தார். தோட்டக்காரர்களிடம் விதைகளை வலிந்து கொடுத்த அவரைப் பித்தர் என்றே பலர் ஏளனம் செய்தனர். 1917-க்குள் ஏழு மில்லியனுக்கு மேற்பட்ட விதைகள் பூமலையிலிருந்து விநியோகிக்கப்பட்டன. அவ்விதைகள் மலாயாவின் காட்டை அழித்து நேர்வரிசைத் தோப்புகளாக எழுந்தபோது, அத்தோப்புகளில் உழைக்கக் கங்காணிகளின் வழியே கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டோர் தமிழர். கித்தாத் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் கதை, தங்ளினில் நட்ட அந்த நாற்றுகளில் தொடங்குகிறது. 2015-இல் பூமலை உலக மரபுடைமைத் தலமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. ஒரு தோட்டம் ஒரு நாட்டின் நிலத்தையும் ஓர் இனத்தின் வாழ்வையும் இத்துணை மாற்றியது வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று.

விடுதலைக் காலத்துச் சிங்கப்பூரில் மரம் நடுதல் அரசியற் கொள்கையாயிற்று. 1963 ஜூன் 16 அன்று பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் வட்டத்தில் ஒரு மெம்பாட் கன்றை நட்டு மரநடு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். தேக்காவை அடுத்த ஃபேரர் பார்க் வேறு, இவ்வட்டம் வேறு. பெயரொற்றுமையால் மயங்குதல் கூடாது. 1967-இல் தோட்ட நகரம் என்னும் குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே பொதுப்பணித் துறையில் பூங்கா மரப் பிரிவு அமைந்தது. 1970 இறுதிக்குள் 55,000-க்கு மேற்பட்ட மரங்கள் புதிதாக நடப்பட்டன. முதல் மரநடு நாள் 1971 நவம்பரில் கொண்டாடப்பட்டபோது கோ கெங் சுவீ ஃபேபர் குன்றின் உச்சியில் ஒரு மழைமரத்தை நட்டார். 1972-இல் பூமலையிலேயே அலங்காரத் தோட்டக்கலைப் பள்ளி திறக்கப்பட்டது. 1975-இல் பூங்கா மரச் சட்டம் இயற்றப்பட்டது.

நடப்பட்ட மரங்களைத் தமிழாசிரியர்கள் சற்றே நின்று நோக்கலாம். மழைமரம் என்பது தமிழ்நாட்டுச் சாலைகளில் நிற்கும் தூங்குமூஞ்சி மரமேயன்றி வேறன்று. மாலையானதும் இலை மடிப்பதால் தமிழர் அதனைத் தூங்குமூஞ்சி என்றனர்; மலாய் மக்கள் ஐந்து மணி எனப் பொருள்படும் புக்குல் லிமா என்றனர். தென் அமெரிக்காவில் பிறந்த மரத்துக்கு ஆசிய மக்கள் இருவர் தனித்தனியே ஒரே காரணம் பற்றிப் பெயரிட்டமை இன்பம் தருவது. விரைவில் நிழல் வேண்டும் என்பதற்காகப் பெருங்கிளைகளைத் துண்டித்து நட்டு வளர்த்த அங்சானா, குறிஞ்சித் திணைக்குரிய வேங்கையின் உடன்பிறப்பு. அதே இனத்தைச் சேர்ந்தது. அவ்வாறே பொன்னிறமாகப் பூப்பது. ஆனால் ஒரே மரத்தை எங்கும் நடுவதன் தீமை பின்னர் வெளிப்பட்டது. 1980-களில் வாடல் நோய் அங்சானாக்களைத் தாக்கியது. பல்வகை மரங்கள் கலந்து நிற்க வேண்டும் என்ற பாடத்தை நகரம் இழப்பின் வழியே கற்றது.

இவ்வியக்கத்தைப் பற்றிய நூல்கள் தலைவர்களையும் ஆணையர்களையும் பேசுகின்றன. குழி தோண்டி, உரமிட்டு, நீரூற்றி, புல் செதுக்கிய நாட்கூலித் தொழிலாளரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றன. நகராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் அத்தகைய தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினராய் இருந்தனர். எந்த மண்ணில் எந்தக் கன்று பிடிக்கும், எந்தப் பக்கம் நீர் தேங்கும் என்பதை நாள்தோறும் கையால் அறிந்தவர் அவர்கள். அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. வாய்மொழி வரலாறாகவேனும் அதனைத் தொகுக்கும் பணி, முதியோர் மறைந்து வரும் இந்நாளில் விரைந்து செய்யத்தக்கது.

நீரின் கதையும் இவ்வாறே திரும்பியது. வெள்ளத்துக்கு அஞ்சிய காலத்தில் ஆறுகள் அனைத்தும் சிமிட்டிக் கால்வாய்களாயின. 1977 முதல் 1987 வரை நடந்த பெருந்துப்புரவு இயக்கம் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் அழுக்கிலிருந்து மீட்டது. அடுத்த நிலை 2006-இல் தொடங்கியது. பொதுப் பயனீட்டுக் கழகம் வகுத்த புதிய திட்டம், கால்வாய்களை மக்கள் அணுகி மகிழும் நீர்நிலைகளாக மாற்ற முனைந்தது. அதன் தலைசிறந்த விளைவு பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 62 ஹெக்டேர் பரப்புள்ள அப்பூங்காவின் ஓரத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய கால்வாய் உடைக்கப்பட்டு, 2012-இல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வளைந்தோடும் காலாங் ஆறாக மீண்டது. மழை மிகுந்தால் ஆறு அகன்று புல்வெளி மீது பரவும், குறைந்தால் குறுகும். உடைத்த சிமிட்டிக் கற்கள் அங்கேயே ஒரு குன்றாக அடுக்கப்பட்டன.

கரையை உறுதி செய்த முறையே தனித்துக் கருதத்தக்கது. சுள்ளிக் கற்றைகளும் நாணல் வகைகளும் வேரோடிப் பின்னும் செடிகளும் கொண்டு மண்ணைக் கட்டினர். 2009-இல் 60 மீட்டர் நீளத்தில் பத்து வகை முறைகளைச் சோதித்துப் பார்த்த பின்னரே ஆறு முழுவதிலும் செய்தனர். ஐரோப்பாவில் பயின்ற வல்லுநர் இதனைக் கொணர்ந்தனர் என்பது உண்மை. வேரால் கரை காக்கும் எண்ணமோ ஏரிக்கரையில் வெட்டிவேர் நட்ட தமிழ்நாட்டு உழவனுக்குப் புதியதன்று. வேறுபாடு யாதெனின், அவன் அறிந்ததைச் சோதித்து, அளந்து, எழுதி வைத்து, பிறருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு அவனிடம் இல்லை. கல்விக்கூடம் செய்வது அதுவே.

உலக அளவில் இக்கல்வியின் வரலாறு நீண்டதன்று. நியூயார்க்கு நடுப்பூங்காவை வகுத்த ஓம்ஸ்டெட் தம்மை நிலவமைப்புக் கலைஞர் என்று அழைத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1900-இல் முதன்முதலாக இதனைப் பாடமாக்கியது. 1969-இல் பென்சில்வேனியாப் பேராசிரியர் இயன் மெக்ஹார்க் வெளியிட்ட நூல் துறையின் போக்கையே மாற்றியது. மண், நீர், தாவரம், சரிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நோக்கினால், எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதை நிலமே சொல்லும் என்றார் அவர். சிங்கப்பூரில் நெடுங்காலம் இக்கல்விக்கு வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. தொழில்முறையாளர் சங்கம் 1985-இல் அமைந்தது. முதுநிலைப் படிப்பு 2007-இல் வந்தது. இளநிலைப் பட்டப் படிப்பு அதற்குப் பதினான்கு ஆண்டுகள் பின்னரே தொடர்ந்தது. பொதுவாகக் கல்வி கீழிருந்து மேல் ஏறும். இங்கோ மேலிருந்து கீழ் இறங்கிற்று. நகரம் கட்டி முடிந்த பின்பு அதனைச் செப்பனிடும் தேவை முந்திக்கொண்டமையே காரணம் போலும்.

மெக்ஹார்க்கின் அடுக்கு முறையைக் கேட்கும் தமிழ் மாணவர்க்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாடு நினைவுக்கு வருதல் இயல்பு. நிலத்தையும் பொழுதையும் முதலாக வைத்து, மரமும் விலங்கும் நீரும் தொழிலும் கருவாக அமைத்து, அவற்றின் மேல் மனித ஒழுக்கத்தை நிறுத்திய இலக்கணம் தொல்காப்பியத்தினுடையது. ஆனால் இதனைக் கொண்டு எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று முழங்குவது பயனற்றது. திணை பாடல் இயற்றுவதற்கு வகுத்த நெறி. வடிகால் அமைப்பதற்கு வகுத்ததன்று. அதன் பயன் வேறிடத்தில் உள்ளது. நிலத்தை வெற்றிடமாகக் காணாமல், பெயரும் மரமும் தொழிலும் நினைவும் உடைய ஒன்றாகக் காணும் பழக்கத்தை அது ஊட்டுகிறது. அப்பழக்கமுடைய மாணவர் சிங்கப்பூரில் கண்ணை மூடி நடக்க இயலாது. நெய்தலுக்குரிய புன்னை இங்குக் கடற்கரையிலும் சாலையோரத்திலும் பூக்கிறது. கொன்றை பூங்காக்களில் சரம் சரமாகத் தொங்குகிறது. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் இத்தீவின் சதுப்புக் காடுகளில் வளர்கிறது. அதன் பால் கண்ணைக் கெடுக்கும் என்பதால் மலாய் மக்கள் குருடு எனப் பொருள்படும் சொல்லால் அதனை வழங்குகின்றனர். அத்தகைய சதுப்புக் காட்டுக்குப் பெயர்பெற்ற சுங்கை பூலோ என்பதற்கு மூங்கில் ஆறு என்று பொருள். தேக்காவில் மறைந்த மூங்கில் அங்கே மற்றொரு மொழியில் பெயராக நிற்கிறது.

நிலைபேறுடைய சமூகம் என்பது இன்றைய கல்வியில் அடிக்கடி ஒலிக்கும் தொடர். மரமும் நீரும் நிலைத்தால் சமூகமும் நிலைக்கும் என்று பலர் எளிதாகக் கருதுகின்றனர். தேக்கா அவ்வெளிமையை மறுக்கிறது. அங்கே மரங்கள் குறைவு. அஞ்சடிகளும் சந்துகளும் மிகுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்குக் கூடுவர். கடிதம் எழுதிய காலம் போய்க் கைப்பேசியில் ஊரோடு பேசும் காலம் வந்தபின்னும், உட்கார ஒரு புல்தரை வேண்டியிருக்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய திறந்தவெளி அவர்க்கு முற்றமாயிற்று. 2013 டிசம்பர் 8 அன்று அச்சாலையருகே பேருந்து மோதி ஓர் இந்தியத் தொழிலாளர் மாண்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அரசு நியமித்த விசாரணைக் குழு 2014-இல் அறிக்கை அளித்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பகுதியில் மது விற்பனைக்கும் பொதுவிடத்தில் அருந்துவதற்கும் கட்டுப்பாடு விதித்தது. விளக்குகளும் கண்காணிப்புக் கருவிகளும் பெருகின. இவையெல்லாம் ஒழுங்கு பற்றிய விடைகள். விடுமுறை நாளில் பல்லாயிரவர் கூடும் ஓரிடத்தில் நிழல் எங்கே, இருக்கை எங்கே, குடிநீர் எங்கே, பேருந்தும் மனிதனும் மோதாத வழி எங்கே என்பவை நிலவமைப்புக் கலையின் வினாக்கள். நகரத்துப் புல்லைச் செதுக்கும் ஒப்பந்தத் தொழிலாளருள் பலர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே ஆதலின், அவ்வினாக்களுக்குக் கூடுதல் எடை உண்டு.

மறந்த நீரை நினைவூட்டும் முயற்சிகள் சில நடந்துள்ளன. 2015-இல் கேம்பல் சந்தில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தின் முகப்பு, வட இந்தியப் படிக்கிணற்றின் படிவரிசையைத் தழுவியது. அதே ஆண்டில் ரோச்சோர்க் கால்வாயும் நடைபாதைகளோடு புதுப்பிக்கப்பட்டது. முன்னது அழகிய குறியீடு; பின்னது மழைக்காலத்தில் வேலை செய்வது. கற்கும் மாணவர்க்குப் பின்னதே பெரும்பாடம்.

எல்லாவற்றினும் பெரிய சோதனை ஃபேரர் பார்க் திடலில் காத்திருக்கிறது. 1842-இல் தொடங்கிய குதிரைப் பந்தயச் சங்கம் அங்கே பந்தயம் நடத்தியது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. 1911-இல் சிங்கப்பூரின் முதல் விமானம் அத்திடலிலிருந்தே எழும்பியது. 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர் பல்லாயிரவர் அங்குத் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அந்நிகழ்ச்சியே. பின்னர் அது பந்தாட்டத் திடலாகிப் பல தலைமுறை இளைஞரை வளர்த்தது. 2022-இல் அப்பகுதியில் ஏறத்தாழ 1,600 பொது வீடுகள் கட்டும் திட்டமும், விளையாட்டு மரபைக் காக்கும் திறந்தவெளிகளை அவற்றிடையே வைக்கும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டன. எருமை மேய்ந்த தாழ்நிலத்தின் அருகே, கைதிகள் நடந்த சாலையின் பக்கத்தில், எவ்வளவு புல்தரை எஞ்சும், அதில் பெய்யும் மழை எத்திசையில் வடியும், எந்த மரம் வெட்டப்படாமல் நிற்கும், அதன் நிழலில் குடியிருப்போரும் ஞாயிற்றுக்கிழமை வருவோரும் எவ்வாறு பக்கத்தில் பக்கத்தில் அமர்வர் என்பவை வரைபடத் தாளில் கோடுகளாக முடிவாகின்றன.